அயலவரிடம் கேட்கப் பழகுதல்

இவ்வாண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவர்களுடைய பெற்றோருக்காக ஒரு கூட்டம் நடந்தது. அயலவரை நேசிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதே அன்றைய பேச்சு. தந்தை ஒருவர் எழுந்து, "பிள்ளைகளைக் கொடுக்கப் பழக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்" என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். தவக்கால உண்டியல், நத்தாருக்கு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுசெல்லும் பொதிகள், பிறந்தநாளில் சிறுவர் இல்லத்தில் கொடுக்கும் மதிய உணவு என்று ஒருவர் பின் ஒருவராக உதாரணங்களை அடுக்கினார்கள். அவற்றில் எதையும் நான் குறைவாக மதிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த உண்டியல் மேசைமேல்தான் இருக்கிறது. ஆயினும் அந்த ஒரு வாக்கியம் பல நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

அன்று சொல்லப்பட்ட உதாரணங்களில் பெற்றுக்கொண்டவர் எவரும் கொடுத்தவரின் பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். பொதியைக் கொடுத்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் நாம் விடைபெற்று வந்துவிடக்கூடியவர்கள் அவர்கள். மறுநாள் காலையில் தண்ணீர் மோட்டரை யார் போடுவது என்பது பற்றியோ, மாடிப்படியை யார் கூட்டுவது என்பது பற்றியோ அவர்களோடு நமக்குப் பேச்சு வரப்போவதில்லை. அதைவிட முக்கியமாக, எல்லா உதாரணங்களிலும் நம்முடைய பிள்ளை கொடுக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. எப்போதும் அந்தப் பக்கத்திலேயே நிற்கும் பிள்ளை, அயலவர் என்றால் ஏதோ ஒன்று குறைந்தவர் என்றும், தனக்கு எவரிடமிருந்தும் எதுவும் வேண்டியதில்லை என்றும் நாளடைவில் எண்ணிக்கொள்ளும். அதன் உள்ளத்தில் இரக்கம் வளரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நேசம் வளருமா என்பதுதான் என் கேள்வி.

கொழும்பில் வாழும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் கத்தோலிக்கரும் ஏனைய கிறிஸ்தவரும் சேர்ந்து 7.6 சதவீதம் மட்டுமே. எங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கும் அயலவர் பெரும்பாலும் வேறொரு மதத்தவராகவே இருப்பார். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் மணியும், பள்ளிவாசலின் பாங்கும், விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காற்றில்தான் வருகின்றன. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்ற வருபவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்தவர் அல்லர் என்பது இங்கு எல்லோரும் அறிந்தது. இந்த நெருக்கத்தில் வளரும் பிள்ளை, அயலவரை நேசி என்ற கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் கேட்பதற்கு முன்பே, தன் தாயும் தந்தையும் மாடிப்படியில் யாரோடு எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டுவிடுகிறது. கதவைச் சாத்திய பிறகு அவர்களைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதையும் அது கேட்கிறது.

கஞ்சி வராத நோன்பு

எங்கள் தொடர்மாடியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. நாங்கள் குடிவந்த காலம் முதல், ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் அஸர் தொழுகைக்குப் பின்னர் அந்த வீட்டு மூத்த பெண் மூடியிட்ட பாத்திரத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியேறி வருவாள். தேங்காய்ப்பாலும் உள்ளியும் இஞ்சியும் வெந்தயமும் ரம்பையும் சேர்த்து, சிறு இறைச்சித் துண்டுகளோடு குழைய வேகவைத்த நோன்புக் கஞ்சி அதில் இருக்கும். அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று என் மனைவியை வளர்த்தவர்கள் பழக்கியிருந்தார்கள். ஆகையால் வாழைப்பழமோ, வீட்டில் செய்த பலகாரமோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ போட்டுத்தான் அதைக் கீழே அனுப்புவாள். இதை நாங்கள் எவரும் பெரிதாக எண்ணியதில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டுகள் வெடித்த அன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களில் என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர்களில் நாங்கள் முகமறிந்தவர்கள் இருந்தார்கள். தேவாலயங்கள் மூடப்பட்டன, அடுத்த ஞாயிறு கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை நாங்கள் தொலைக்காட்சியில் கண்டோம். பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாயில்களில் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். வெளிநாட்டு உறவினர்கள் நாள்தோறும் அழைத்தார்கள். அவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆனால் "கீழ்வீட்டில் இருக்கிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள்?" என்ற கேள்வி ஒவ்வோர் அழைப்பிலும் வந்தது, தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அது அறை முழுவதும் கேட்டது. மகள் அப்போது மூன்றாந்தரத்தில் படித்தாள். படிக்கும் வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் பொருள் விளங்காமல் இருக்குமா?

மே மாதத்தின் முதல் வாரத்தில் நோன்பு தொடங்கியது. அந்த நாட்களிலேயே நீர்கொழும்பில் மோதல் மூண்டது. ஆண்டகை அமைதி காக்கும்படி வேண்டிக்கொண்டார். அடுத்த வாரம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள், அவர்கள் தரும் உணவைத் தொடாதீர்கள் என்ற செய்திகள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு அந்த நோன்பில் கஞ்சி வரவில்லை. கீழ்வீட்டுப் பெண்மணி படியில் எதிர்ப்பட்டால், முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, நாங்கள் கடந்துபோகும்வரை சுவரோரமாக ஒதுங்கி நின்றார். அவர்கள் மறந்துவிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அனுப்பினால் நாங்கள் வாங்குவோமா, வாங்கினாலும் குடிப்போமா, குடிக்காமல் கொட்டுவதைத் தம் பிள்ளை பார்க்க நேருமா என்றெல்லாம் அவர்கள் அஞ்சியிருக்க வேண்டும்.

ஒருநாள் பாடசாலை வானில் கேட்டு வந்த ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மகள், "அம்மா, அவங்க தாற சாப்பாட்ட நாங்க சாப்பிடலாமா?" என்று கேட்டாள். என் மனைவி அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. மாலையானதும் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, அதை வெறுமையாகவே ஒரு கையிலும், மகளின் கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். கதவு திறந்தது. "அக்கா, இந்த முறை எங்களுக்குக் கஞ்சி இல்லையா?" என்று அவள் கேட்டாள். அந்தப் பெண்மணி சட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "குடிப்பீங்களா தங்கச்சி?" என்றார். "குடிக்கத்தானே கேட்டு வந்தன்" என்றாள் இவள். அதற்குமேல் அங்கே விளக்கம் எதுவும் நடக்கவில்லை. எங்களை உள்ளே அழைத்தார்கள். பாங்கு சொல்லும்வரை இருந்து, அவர்கள் ஈச்சம்பழத்தால் நோன்பு திறந்த பிறகு, அவர்களோடு ஒரே பாயில் அமர்ந்து நாங்களும் கஞ்சி குடித்தோம். கதவு அவ்வளவு நேரமும் திறந்தே இருந்தது. படியேறிப் போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

அந்த மாலையைப் பற்றி நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நிலையில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு முதலில் தோன்றக்கூடிய வழி, எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு கீழே போவதுதான். அது நல்ல செயலாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வாரங்களில், அந்தக் கதவின் முன்னால், கிறிஸ்தவரின் கையிலிருந்த பலகாரத் தட்டு இன்னொன்றையும் சொல்லியிருக்கும்: உங்களை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்று. எந்தக் குற்றமும் செய்யாத குடும்பத்துக்கு அந்த மன்னிப்பு எவ்வளவு பெரிய அவமானம்! கொடுக்கப் போயிருந்தால், நாங்கள் நீதிபதிகளின் இருக்கையில் இருந்தபடியே நல்லவர்களாக நடந்திருப்போம். வெறும் சட்டியோடு போனதால் அந்த இருக்கை இல்லாமற்போயிற்று. உங்கள் கையால் சமைத்ததை என் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஒரு தாய் கேட்பதைவிடப் பெரிய நம்பிக்கையை எந்தப் பரிசும் காட்டியிருக்க முடியாது. மகள் கேட்ட கேள்விக்கு விடை அதில் இருந்தது. அந்த விடையை அவள் கஞ்சியோடு சேர்த்துக் குடித்தாள்.

கேட்கின்ற இயேசு

நல்ல சமாரியர் உவமையை நாம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுக்கிறோம்! படம் வரையச் சொல்கிறோம், நாடகம் போடுகிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாரியராக நடிக்கத்தான் ஆசை. எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவராக நடிக்க யாரும் விரும்புவதில்லை. ஆனால் அந்த உவமையைக் கேட்டுக்கொண்டிருந்த திருச்சட்ட அறிஞர் யூதர். கதையில் அவர் தம்மை இனங்காணக்கூடிய இடம் அடிபட்டுக் கிடந்தவரின் இடம். தாம் வெறுக்கும் இனத்தவர் ஒருவர் தம் காயத்தைத் தொட்டுக் கட்டுவதற்கு உடன்பட வேண்டிய இடம் அது. இன்னொன்றையும் நான் கவனித்தேன். லூக்கா நற்செய்தியில் இந்த உவமை இருக்கும் அதே பத்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், இயேசு எழுபத்திரண்டு பேரை ஊர்களுக்கு அனுப்புகிறார். பணப்பையும் வேண்டாம், வேறு பையும் வேண்டாம், மிதியடியும் வேண்டாம் என்கிறார். வரவேற்கும் வீட்டில் தங்கி, அவர்கள் உங்கள்முன் வைப்பதை உண்ணுங்கள் என்கிறார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் அயலவர் வாசலில் நிற்பதே அவர்கள் பெற்ற முதல் பயிற்சி. சமாரியரின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. மறைக்கல்வி வகுப்பில் நாம் அந்த அதிகாரத்தின் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆண்டவரே அப்படித்தான் நடந்தார். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், நண்பகல் வேளையில், களைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருந்தவர், தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளரே அந்த இடத்தில் எழுதிவைக்கிறார். அந்தச் சுவரை இயேசு ஒரு போதனையால் உடைத்துத் தொடங்கவில்லை. தாகத்தைச் சொல்லித் தொடங்கினார். சக்கேயுவிடமும் அப்படியே: இன்று உம் வீட்டில் தங்க வேண்டும் என்று தாமே கேட்டுப் போனார். பஞ்ச காலத்தில் எலியா இறைவாக்கினர் அனுப்பப்பட்டது அந்நிய நாடான சீதோனின் சாரிபாத்து ஊரில், விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஏழைக் கைம்பெண்ணிடம்; அவரும் தண்ணீரையும் அப்பத்தையும் கேட்டார். இவற்றையெல்லாம் நான் முன்பும் வாசித்திருக்கிறேன். கீழ்வீட்டுப் பாயில் அமர்ந்த பிறகுதான் இவை ஒன்றோடொன்று சேர்ந்து எனக்குத் தெரிந்தன.

என் அப்பாவை நினைத்துப் பார்க்கும்போதும் இதுவே தெரிகிறது. தமிழருக்கு எதிரான வன்செயல்கள் மூண்ட 1983 யூலையில் எங்கள் குடும்பம் தெகிவளையில் வாடகைக்கு இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின்னறையில் வைத்துக் காப்பாற்றியது. அந்த நாட்களைப் பற்றிக் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய கதைகள் நிறைய உண்டு. அப்பா அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு வெற்றிலை கொடுத்து வணங்கிவிட்டு வருவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கூரையில் ஏறவோ மாங்காய் பறிக்கவோ வேண்டியிருந்தால் அந்த வீட்டு ஏணியைத்தான் கேட்டு வாங்கினார். என்னையும் ஒரு முனையைத் தூக்கக் கூட்டிப்போவார். சொந்தமாக ஓர் ஏணி வாங்க அவரால் முடியாமல் இல்லை. அம்மா அதைச் சொன்னபோது, "ஏணியை வாங்கிவிட்டால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு என்ன வேலை?" என்றார். ஒருவரையொருவர் நேசிப்பதைத் தவிர வேறெதிலும் யாருக்கும் கடன்படாதீர்கள் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதுகிறார். அப்பா அந்த ஒரு கடனைத் தீர்த்து முடிக்க விரும்பவில்லை. வேதபாடம் சொல்லித்தரும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்த ஏணியின் மறுமுனையைத் தூக்கி நடந்ததுதான் நான் அவரிடம் படித்த வேதபாடம்.

கேட்பதற்கும் எல்லை உண்டு

இதை எங்கள் பங்கில் சிலரிடம் சொன்னபோது ஒரு மூதாட்டி உடனே, "ஏற்பது இகழ்ச்சி என்றல்லவா பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆத்திசூடியை நாங்களும் பாடமாக்கித்தான் வளர்ந்தோம். தன் உழைப்பால் வாழக்கூடியவர் பிறரிடம் கையேந்தி வாழக் கூடாது என்பதை என் பிள்ளைகளுக்கும் சொல்லிவருகிறேன். ஆனால் அயல்வீட்டில் கேட்பது வேறு. நாளைக்கு அவரும் என்னிடம் வந்து கேட்பார், கேட்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கேட்பது அது. அந்த எண்ணம் இல்லாத இடத்தில் கேட்பது எனக்கும் உடன்பாடு இல்லை. மறுத்துச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம், அதாவது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமோ, தொடர்மாடிக் காவலாளியிடமோ, நம்மிடம் வாடகைக்கு இருப்பவரிடமோ உதவி கேட்டுவிட்டு அதை அயலன்பு என்று பிள்ளைக்குக் காட்டினால், பிள்ளை கற்றுக்கொள்வது அதிகாரத்தைத்தான். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் தெளிவாக வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இதைக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள்.

நாம் கேட்டால்தான் அவர்களும் நம்மிடம் கேட்பார்கள் என்பதை 2020 திசெம்பரில் கண்டோம். கொவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்ட காலம் அது. பிறந்து இருபது நாளே ஆன குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் எதிர்ப்பின் அடையாளமாக வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். கீழ்வீட்டுப் பெண்மணி ஒருநாள் மேலே ஏறி வந்து, வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, தனியப் போகப் பயமா இருக்கு. எங்களோட வருவீங்களா?" என்று கேட்டார். அதுவரை எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை. மனைவியும் மகளும் முகக்கவசம் அணிந்துகொண்டு, எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த துணியோடு அவருடன் போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. துணி கட்டியவர்களில் நாங்களும் இருந்தோம் என்று மகள் இன்றும் சொல்வாள். முன்னொரு மாலையில் வெறும் சட்டியோடு நாங்கள் அந்தக் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால், அவர் எங்கள் கதவைத் தட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

2022இல் எரிவாயுவும் மின்சாரமும் இல்லாமல் நகரம் தத்தளித்தபோது யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. எங்கள் சிலிண்டர் முடிந்துபோன அன்று, மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே மகள் அரிசியைக் களைந்து பானையில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போய், "ஆன்ரி, எங்கட சோத்தையும் வைப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பின்னர் அவர்களுடைய சிலிண்டர் முடிந்தபோது அவர்கள் பானை மேலே வந்தது. எந்தப் பானையில் யாருடைய அரிசி எவ்வளவு என்று இரண்டு வீட்டிலும் கணக்குப் பார்க்கவில்லை.

மகன் அவளைப் போல் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவன்; ஒரு தேசிக்காய் வாங்கிவரச் சொன்னால்கூட அயல்வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடச் சந்திவரை நடந்து கடையில் வாங்கிவருவதையே விரும்புவான். பழக்க வேண்டும் என்பதற்காக அவனைத் தனியே அனுப்பலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது எங்கள் மாடியிலேயே ஒரு சிங்களக் குடும்பம் புதிதாகக் குடிவந்திருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் என் மகனின் வயதுக்காரர்கள். அவனுக்குச் சிங்களப் பாடத்தில் உதவி தேவைப்படுகிறது. வகுப்புக்கு அனுப்பலாம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மனைவி அவனுடைய சிங்களக் கொப்பியையும் அவனையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், சனிக்கிழமைகளில் உங்கள் பிள்ளைகளோடு இவனும் இருந்து வாசிக்கலாமா என்று கேட்டாள். அவர்கள் சம்மதித்தார்கள். அந்த வீட்டுத் தாய், தமிழ் பேசப் பழகத் தன் பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவளிடம் கேட்டாராம். அடுத்த சனிக்கிழமை அங்கே, அதற்கடுத்தது இங்கே என்று முடிவாகியிருக்கிறது.